உனக்குமா என்று கேட்டேன்

பிரபு,

பிராது எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நம் ஊரில் மனசு பொறுக்காதவர்கள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், யார் தனக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிக் கட்டிவிட்டு வருவார்கள். மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும். நீ ஸ்கூலுக்குப் போன சைக்கிள் காணாமல் போனபோது நானே ஒன்று கட்டியிருக்கிறேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போதும் என் பெயர், ஊர், தெரு எல்லாம் எழுதிவிட்டேன். யார் மேல் பிராது என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. உன் மேலா, உன் அப்பா மேலா, கொத்தனார் மேலா, ஒயரைக் கடித்த எலி மேலா, என் மேலேயேவா என்று எனக்கே தெரியவில்லை. சாமியையும் சேர்த்துக் குழப்புவானேன் என்று எழுதியதை அடித்துவிட்டு, அதே தாளில் உனக்கு எழுதுகிறேன்.

நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. அப்பாவின் போனில் கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் "அப்பாகிட்ட குடு" என்கிறாய். நீ என்னோடு கடைசியாகப் பேசியது வார்த்தைக்கு வார்த்தை மனசில் இருக்கிறது. "சுகன்யாவுக்கு ஷாக் அடிச்சப்ப நீ 'உனக்குமா'ன்னு கேட்டியாம். அப்ப உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே மாசமா இருக்கிறவள அந்த மிஷின்கிட்ட விட்டிருக்கிற. வளைகாப்ப இங்கயே ஹால்ல வெச்சுக்கறோம். அந்த வூட்டுக்கு இனிமே அவள அனுப்ப மாட்டேன்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் அந்த வார்த்தையைக் கேட்டது உண்மை. ஏன் கேட்டேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். சுகன்யாவும் படிக்கட்டும், அவள் அம்மா அப்பாவும் படிக்கட்டும், நான் ஒளிக்க ஒன்றும் இல்லை.

உன் கல்யாணம் முடிந்த கையோடு நீ வாங்கி அனுப்பிய மிஷின் அது. "இனிமே கல்லுல அடிச்சுத் தோய்க்காதம்மா" என்று நீ சொன்னதைத் தெருவில் எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் இருக்கும் தாழ்வாரத்தில், குழாய்க்குப் பக்கத்தில் அதை வைத்தோம். அந்த இடத்துக்கு வர இரண்டு வழி உண்டு. நான் சமையலறை வழியாக வருவேன். அங்கே சாமி படம் மாட்டியிருப்பதால் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே நுழைவதில்லை. அதனால் நான் எப்போதும் வெறுங்காலோடு, குழாய்த் தண்ணீர் சிந்திய தரையில்தான் நிற்பேன். நீயும் அப்பாவும் கொல்லைப் பக்கமாக ரப்பர் செருப்போடு வருவீர்கள். நாம் இப்படி நடப்பது எவ்வளவு காலமாகவோ இருக்கும் வழக்கம், அதை யாரும் யோசித்துச் செய்ததில்லை. ஆனால் நடந்தது எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகிவிட்டது.

மிஷின் துணியைத் துவைக்கும்போது சாதுவாக இருக்கும். கடைசியில் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பிழிய ஆரம்பித்ததும் குதிக்கும். நகர்ந்து வந்துவிடுமோ என்று நான் பக்கவாட்டு இரும்பில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அப்படி ஒரு நாள் பிடித்தபோது உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை என்னவோ ஓடியது. அடி இல்லை, வலி என்றும் சொல்ல முடியாது. அப்பாவிடம் போய், "ஏங்க, மிஷினைத் தொட்டா கை சுர்ருங்குது" என்றேன். நான் அந்த வார்த்தையைச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. சுகர் வந்ததிலிருந்து டாக்டரிடம் போகும்போதெல்லாம் கால் சுர்ருங்குது, பாதம் சுர்ருங்குது என்றுதான் சொல்லிவருகிறேன். பக்கத்து நாற்காலியில் நீயோ அப்பாவோ உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கால்ல இருந்தது கைக்கும் வந்துட்டுதா? மாத்திரைய ஒழுங்கா போட்டாத்தானே" என்றார். ஷாக் அடிக்குது என்று சொல்லியிருந்தால் மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்திருப்பார். ஆனால் நான் பார்த்த ஷாக் வேறு. நானும் அப்பாவும் வேலை செய்த பீங்கான் யூனிட்டில் ஒருவரை அது சுவர்வரை தூக்கி எறிந்ததைக் கண்ணால் கண்டவள் நான். கையில் ஓடிய இந்தக் கூச்சத்துக்கு அவ்வளவு பெரிய பெயரை வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செராமிக் யூனிட்டில் வாழ்நாளெல்லாம் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்தவர். கரண்டு எங்கே போகும், எங்கே போகாது என்பதில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. மிஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு ஒரு தம்பி வந்து பார்த்தான். துணி இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினான், டெஸ்டரை வைத்துப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை என்றான். கிளம்பும்போது, "எர்த்த மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்று சொன்னான். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இந்த வூட்டு எர்த்து நானே குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எறக்கினது. ஊருல எந்த வூட்டு எர்த்தும் இப்படி இருக்காது. நீ போயிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் குழியின் வாய்க்கு, யூனிட்டில் கழித்துப் போட்ட பீங்கான் குழாய்த் துண்டை நிறுத்தி வைத்திருந்தார். வெயில் காலத்தில் மண் காயாமல் இருக்க அதில் நான் தண்ணீர் ஊற்றுவேன். அது என் வேலையாக இருந்தது, துளசிக்கு ஊற்றுகிற மாதிரி.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னிடமும் சொன்னேன். நீ நல்ல பிள்ளை, உடனே எழுந்து வந்தாய். கொல்லைப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே செருப்போடு வந்து, சும்மா நின்ற மிஷின்மேல் இரண்டு கையையும் வைத்தாய். "ஒண்ணுமே இல்லையேம்மா." பிழியும்போதுதான் என்று நான் சொன்னேன். நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நரம்பும்மா. டாக்டர் சொன்னாரில்ல, வூட்டுக்குள்ளயும் செருப்பு போடணும்னு. நீ கேக்க மாட்டேங்குற" என்றாய். அன்று சாயங்காலமே சுகர்காரர்கள் போடும் மெத்தென்ற கறுப்புச் செருப்பு வாங்கி வந்தாய். பாசமாகத்தான் வாங்கினாய், அதை நான் மறக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், டாக்டர் சொன்னதாயிற்றே என்று சமையலறையிலும் அந்தச் செருப்பைப் போட ஆரம்பித்ததும் சுர்ருங்கிறது நின்றுவிட்டது. நீ போனில் கேட்டாய், நான் நின்றுவிட்டது என்றேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாய். எனக்கும் சந்தோஷம்தான். செருப்பு என் நரம்பைக் குணப்படுத்திவிட்டது என்று நாம் எல்லோரும் நம்பினோம். காலுக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் வந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் ஃபியூஸ் கட்டை செய்தவருக்கும் தோன்றவில்லை, கட்டை கட்டையாகத் தட்டிப் பார்த்துத் தரம் பிரித்த எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் திரும்ப வந்தது. அன்றைக்கு விளக்கேற்றும் நாள், காலையிலிருந்தே நான் செருப்பு போடுவதில்லை. தலைக்குக் குளித்து, வெறுங்காலோடு அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் நடந்துகொண்டிருப்பேன். மிஷின் பிழியும்போது கை வைத்தால் ஓடும். அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "வெள்ளிக்கிழமைன்னா உனக்குச் சுகர் ஏறுது. கோயில்ல சக்கரைப் பொங்கல வாங்கி வாங்கிச் சாப்புடுற, வேற என்னா?" நான் பிரசாதத்தை நிறுத்தினேன். சாமி சந்நிதியில் கை நீட்டாமல் திரும்பி வந்தேன். அப்போதும் சுர்ரென்றது. அதற்குமேல் நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டபோது, "இப்ப இல்லப்பா" என்றேன். மிஷினை விட்டுவிட்டுத் திரும்பவும் கல்லில் தோய்க்க ஆரம்பித்தேன். அப்பா கேட்டதற்கு, மிஷின் அழுக்கை எடுப்பதில்லை என்று ஒரு பொய் சொன்னேன். திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லி, சொல்லும்போதெல்லாம் அது உன் உடம்பு, உன் நரம்பு, உன் வாய் என்று பதில் வந்தால், ஒரு நாள் நமக்கே அது சரி என்று ஆகிவிடும். எனக்கு ஆகிவிட்டது. அந்த மிஷினில் ஒரு குறையும் இல்லை, என்னிடத்தில்தான் குறை என்று நான் முழுசாக நம்பினேன். நீ நான் சொல்வதில் எதை நம்பாவிட்டாலும் இதை நம்ப வேண்டும்.

அப்படி நம்பியிருந்தபோதுதான் நீ வேலையாக வெளியூர் போக வேண்டியிருக்கிறது என்று சுகன்யாவைக் கொண்டுவந்து விட்டாய். "பத்திரமா பாத்துக்கம்மா" என்றாய். பார்த்துக்கொண்டேன். அவளை ஒரு குடம் தூக்க விடவில்லை. நான் கல்லில் தோய்ப்பதைப் பார்த்துவிட்டு அவள், "மிஷின் சும்மாதான இருக்குது அத்தை? நீங்க ஏன் குனிஞ்சு கஷ்டப்படுறீங்க? நான் போட்டு விடுறேன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும், சொல். எனக்குச் சுகர், அதனால் எனக்குச் சுர்ருங்கும், நீ தொடாதே என்றா? அவளுக்குச் சுகர் இல்லையே. என் நோய் அவளை என்ன செய்யும் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மிஷின் பிழியும் சத்தம் கேட்டது. "அத்தை" என்று ஒரு குரல், பிறகு பக்கெட் உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் வெறுங்காலோடு, சுவரோடு சாய்ந்து ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை வயிற்றின்மேல் இருக்கிறது. இன்னொரு கையை உதறிக்கொண்டே, "ஷாக் அடிக்குது அத்தை. மிஷின்ல கரண்டு இருக்குது" என்றாள். அப்போதுதான் நான் கேட்டேன்: "உனக்குமா?"

அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் நீ நினைப்பதே நிஜமாகிவிடும். பயப்படுவதற்கு முன்னால், அவளைத் தூக்குவதற்கு முன்னால், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது பிரபு. மாசமாக இருக்கும் மருமகள் ஈரத் தரையில் விழுந்து கிடக்கிறாள், மாமியார்க்காரிக்கு அப்பாடா என்று இருக்கிறது. என் கை பொய் சொல்லவில்லை, எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று இருந்தது. அவ்வளவு காலம் நான் தனியாக வைத்திருந்த ஒன்றை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டதும், என்னை அறியாமல் அந்த வார்த்தை வந்துவிட்டது. அடுத்த நொடியே அவள் வயிற்றைப் பார்த்தேன். மிஷினைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு, அவளைப் பிடித்துத் தூக்கி, பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை டாக்டரம்மா எங்களுக்குக் கேட்க வைத்தபோது சுகன்யா என் கையைத்தான் பிடித்திருந்தாள். எனக்குத் தெரிந்திருந்தது என்று நீ சொல்கிறாய். எனக்குத் தெரியாது. தெரிய விடாமல் செய்துவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். என் பங்குக்கு நான் செய்தது அதுதான், அதற்கு என்ன வேண்டுமானாலும் திட்டு.

அதற்குப் பிறகு நடந்ததை அப்பா உன்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் நம் தெரு ஒயர்மேன் ராஜாமணி வந்தார். அவரும் முதலில் பிளக்கைத்தான் மாற்றினார். மாற்றிவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்து, "சரியாப் போச்சுங்க" என்று பையைத் தூக்கினார். நான் குறுக்கே நின்றுகொண்டேன். "துணி போட்டு ஓட்டுங்க. பிழியிற வரைக்கும் இருந்துட்டுப் போங்க." அப்பா, "அவருக்கு வேற வேலை இருக்குது" என்றார். "இருக்கட்டும்ங்க. அப்பத்தான் அது வரும், வேற எப்பவும் வராது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ராஜாமணி பையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பெட்ஷீட்டையும் அப்பாவின் வேட்டிகளையும் போட்டு, மூன்று பேரும் தள்ளி நின்றோம். கரண்டு பார்க்கும் மீட்டரின் ஒரு முனையை மிஷின் இரும்பிலும் இன்னொன்றைக் குழாயிலும் மாட்டியிருந்தார். துவைக்கும்வரை அதில் ஒன்றும் இல்லை. அலசும்போதும் இல்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் இறங்கி, மிஷின் குதிக்க ஆரம்பித்ததும் மீட்டரில் எண் எகிறியது. விழுந்தது, திரும்ப எகிறியது. ராஜாமணி மெதுவாக, "யம்மா, இதையா இத்தன நாளா தொட்டுக்கிட்டு இருந்தீங்க" என்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினைச் சாய்த்துப் பார்த்தார்கள். அடியில் எலி புகுந்திருக்கிறது. மோட்டாருக்குப் போகும் ஒயரின் தோலைக் கடித்து வைத்திருக்கிறது. மிஷின் சும்மா இருக்கும்போது அந்தச் செம்பு எதையும் தொடாமல் தொங்கும். பிழியும்போது ஆடி ஆடி இரும்புச் சட்டத்தில் உரசும். உரசிய இடத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. நீ கை வைத்தபோதும் கம்பெனித் தம்பி பார்த்தபோதும் அது ஆடவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. யார் மேலும் தப்பு சொல்ல நான் இதை எழுதவில்லை. எப்போது வரும் என்று சொல்லத் தெரிந்தவள் ஒருத்தி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவளை யாரும் கேட்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

ராஜாமணி அதோடு விடவில்லை. எலி கடித்தாலும் எர்த்து இருந்தால் கரண்டு அந்த வழியாக மண்ணுக்கு இறங்கி, ஃபியூஸும் போயிருக்கும், ஆள்மேல் பாயாது என்றார். ஒரு குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஒரு ஒயரைக் கரண்டு வரும் துளையிலும் இன்னொன்றை எர்த்துத் துளையிலும் வைத்தார். எரிய வேண்டிய பல்பு எரியவில்லை. "எர்த்து செத்துப் போச்சுங்க" என்றார். அப்பா எழுந்து, சுவரோரமாக இறங்கும் எர்த்து ஒயரைக் கையாலேயே தடவிக்கொண்டு கொல்லைவரை போனார். அது சிமெண்டுத் தரைக்குள் நுழையும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். உன் கல்யாணத்துக்குப் பந்தி போடுவதற்காகக் கொல்லை முழுக்க நாம் சிமெண்டு போட்டோமே, அந்தத் தரை. "மழை பேஞ்சா சேறாயிடும், வரவங்க சங்கடப்படுவாங்க" என்று நீதான் சொன்னாய். அப்பாவும் நானும் தலையாட்டினோம். அந்த வேலை நடந்தபோது பீங்கான் குழாய் எங்கே போயிற்று என்று நான் தேடினேன், "தண்ணி எங்கப்பா ஊத்துறது?" என்று உன்னிடம் கேட்டேன். "இனிமே ஊத்த வேணாம்மா, எல்லாம் கிளீனாயிடுச்சு" என்று சிரித்தாய். நானும் ஒரு வேலை குறைந்தது என்று சிரித்தேன்.

உளி வைத்து உடைத்தார்கள். பீங்கான் குழாய் இடுப்பு ஒடிந்து கிடந்தது. தரை மட்டத்துக்கு வர வேண்டும் என்று கொத்தனார் அதைத் தட்டி உடைத்து, இடைஞ்சலாக இருந்த ஒயரையும் வெட்டி மடக்கி வைத்துப் பூசியிருக்கிறார். அவருக்குத் தெரியாது, நாமும் சொல்லவில்லை. அப்பா அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்காமல், "எங்க, கையக் குடு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ராஜாமணி மாதிரி ஓர் ஆள் முன்னால் அவர் அப்படிக் கேட்டதில்லை. என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், ஏதோ தெரியும் என்பதுபோல. ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும். "சக்கரைப் பொங்கல்னு சொன்னேன்" என்றார். நான், போகட்டும் விடுங்க என்று சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

நீ இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது ஒரு நாள், ஷூ கடிக்கிறது என்று அழுதாய். புது ஷூ அப்படித்தான் இருக்கும், நடந்தால் சரியாகும் என்றார் அப்பா. வாத்தியாரும் அதையேதான் சொன்னாராம். நான் உன்னை உட்கார வைத்து, எந்த விரல், எப்போது, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டேன். இறங்கும்போது என்றாய். உள்ளே கையை விட்டால், முனையில் ஒரு பீங்கான் சில்லு செருகிக்கொண்டிருந்தது. யூனிட் பக்கம் ரோடெல்லாம் கிடக்குமே, அந்தச் சில்லுதான். அன்றைக்கு நான் பெரிய அறிவாளித்தனம் எதுவும் செய்துவிடவில்லை. நீ சொன்னதை நம்பிவிட்டு, எப்போது என்று மட்டும் கேட்டேன். நேற்று சுகன்யா என்னோடு பேசினாள். உனக்குத் தெரியாமல்தான் பேசுகிறாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கால் வீங்குகிறது, தலை கனமாக இருக்கிறது என்றாள். உன்னிடம் சொன்னாளாம். மாசமா இருந்தா அப்படித்தான் என்றாயாம். ஒன்றுமில்லாமலே இருக்கட்டும், இருக்க வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். ஆனால் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அவளிடம் கேள். எப்போது வீங்குகிறது, எந்தக் கால், காலையிலா சாயங்காலமா என்று கேட்டுவிட்டு, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. என்மேல் உள்ள கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

இங்கே எல்லாம் ஆகிவிட்டது. ஒயரை மாற்றி, எலி நுழையாதபடி மிஷினுக்கு அடியில் வலை அடித்திருக்கிறது. எர்த்துக் குழியைப் புதிதாகத் தோண்டி, புதுக் குழாய் வைத்து, அந்த இடத்தில் மட்டும் சிமெண்டு போடாமல் விட்டிருக்கிறார் அப்பா. கரண்டு கொஞ்சம் கசிந்தாலும் தானாக விழுந்துவிடும் ஒரு சுவிட்சை மெயினில் மாட்டினார் ராஜாமணி. பல்பு இப்போது பளிச்சென்று எரிகிறது. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இனி என் வேலை இல்லை, காலையில் எழுந்ததும் அப்பாவே ஊற்றிவிடுகிறார். மிஷின் ஓடும் நாளில் செருப்பைக் கொல்லை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, துணி பிழிந்து முடிகிறவரை இரும்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். போதும் வாங்க என்று கூப்பிட்டாலும் வருவதில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் நிறைவாகவும் இருக்கிறது.

வளைகாப்பை ஹாலில் வைப்பதென்றால் வை. நான் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று அவளுக்கு வளையல் போட்டுவிட்டு வருகிறேன். ஆனால் இந்த வீடு வேண்டாம் என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால் நீ மட்டும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வா. கொல்லைப் பக்கமாக வராதே, சமையலறை வழியாக வா. செருப்பை வாசலிலேயே விட்டுவிடு. ஈரத் தரையில், நான் நின்ற இடத்தில் நில். மிஷின் பிழிகிறவரை பொறுமையாக இருந்து, பிழியும்போது கையை வை. சுர்ருங்குதா இல்லையா என்று உன் கையிடம் கேட்டுக்கொள். பிறகு ஊருக்குப் போய், அந்த வூட்டுக்கு வரியா என்று சுகன்யாவைக் கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே நம்பு.

அம்மா